நாவலைத் திருத்தும் முன் ஒருமுறை காதால் கேளுங்கள்

எழுதி முடித்த அத்தியாயத்தைக் கைப்பேசியின் உரை வாசிப்பு வசதியில் போட்டு, சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் பயணத்தில் காதில் கேளுங்கள். ஆண்ட்ராய்டில் தமிழ்க் குரலை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டால் டேட்டா செலவாகாது. பாசிர் ரிஸ்ஸிலிருந்து துவாஸ் லிங்க் வரை போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீளமான அத்தியாயமே முடிந்துவிடும்.

நாம் எழுதியதை நாமே படிக்கும்போது, விடுபட்ட சொல்லை மனம் தானாக நிரப்பிக்கொள்ளும். இயந்திரக் குரல் அப்படி நிரப்பாது, இருப்பதை மட்டுமே வாசிக்கும். ஒரே பத்தியில் மூன்று முறை வரும் ‘அப்போது’, மூச்சு முட்டும் நீள வாக்கியம், யார் பேசுகிறார் என்று புரியாத உரையாடல் எல்லாம் உடனே பிடிபடும். உரையாடலுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. தடுக்கிய இடத்தில் நிறுத்தி, அந்த வரியின் முதல் இரண்டு சொற்களைக் குறித்துக்கொண்டால் போதும். திருத்தத்தை வீட்டில் செய்யலாம்.

ஆனால் ஒற்றுப்பிழைக்கும் ர-ற, ன-ண மயக்கத்துக்கும் இது உதவாது, காதுக்கு அவை பெரும்பாலும் ஒன்றுபோலவே கேட்கும். அதற்குத் தாளில் அச்செடுத்துத்தான் பார்க்க வேண்டும். இன்னும் கதை உருப்பெறாத முதல் வரைவுக்கும் வேண்டாம், அப்போது கேட்டால் எழுதும் வேகம் குறையும்.