துருப்பிடித்த தண்ணீர்க் குழாயை மாற்றும் முறை

காலையில் குழாயைத் திறந்ததும் பழுப்பு நிறத் தண்ணீர் வருவதும், நாளடைவில் வரத்து குறைவதும், பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் பூச்சு கரைந்து உட்புறம் துரு கட்டியிருப்பதன் அடையாளங்கள். கசியும் இடத்தில் கிளாம்ப் போடுவது தற்காலிகச் சமாளிப்பே. ஒட்டியுள்ள குழாய்க்கும் அதே வயதுதான் என்பதால், வால்விலிருந்து அடுத்த இணைப்பு வரை முழுவதையும் மாற்றிவிடுவது நல்லது.

பலரும் கவனிக்காத ஒன்றை முதலில் பார்க்க வேண்டும். பழைய வீடுகள் சிலவற்றில் மின்சார எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயோடு இணைத்திருப்பார்கள். அங்கே இரும்புக்குப் பதிலாக மின்சாரம் கடத்தாத சி.பி.வி.சி. (வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயைப் பொருத்தினால் எர்த் தொடர்பு அறுந்துவிடும். அப்படியொரு கம்பி தென்பட்டால், எலக்ட்ரீஷியன் வந்து மாற்று எர்த் அமைக்கும்வரை குழாயில் கைவைக்கக் கூடாது.

மெயின் வால்வை மூடி, கீழ்மட்டக் குழாயைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். இரு முனையிலும் மரையிட்டுப் பூட்டிய குழாயை அப்படியே கழற்ற முடியாது. ஒரு முனையைத் திருகித் தளர்த்தினால் மறுமுனை இறுகும். ஆகவே நடுவில் ஹேக்சாவால் அறுத்து, ஒவ்வொரு பாதியையும் தனியே திருகி எடுக்க வேண்டும். அப்போது ஒரு பைப் ரெஞ்சு எல்போவை (குழாயின் வளைவு இணைப்பை) அசையாமல் பிடித்திருக்க, மற்றொன்றால் குழாயைத் திருக வேண்டும். இல்லையேல் சுவருக்குள் இருக்கும் மரை முறிந்து, சுவரையே உடைக்க நேரிடும். அறுத்த அரை அங்குலக் குழாயின் வாயில் பென்சில் நுழையும் அளவே துளை மிஞ்சியிருந்தால் வியப்படைய வேண்டாம்.

புதிய குழாயை நேராக வெட்டிப் பிசிறு நீக்கி, பசையின்றி ஒருமுறை பொருத்திப் பாருங்கள். பிறகு குழாயின் வெளிப்புறத்திலும் சாக்கெட்டின் உட்புறத்திலும் சால்வென்ட் சிமென்ட் (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை) தடவி, கால் சுற்றுத் திருப்பியபடி முழுதும் செருகி, சுமார் 30 விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். இணைப்பின் விளிம்பைச் சுற்றிப் பசை இடைவெளியின்றி வளையமாகப் பிதுங்கியிருக்க வேண்டும்; எங்காவது விட்டுப்போயிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி ஒட்டுவதே மேல்.

இரும்போடு சேரும் இடத்தில் பித்தளை மரை பதித்த அடாப்டரையே வாங்குங்கள், வெறும் பிளாஸ்டிக் மரை இறுக்கும்போதே வெடிக்கக்கூடும். டெஃப்ளான் டேப்பை, மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். வெந்நீர் செல்லும் வரிசையில் குழாயைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்ப்பை இறுக்கிவிடாதீர்கள். 3 மீட்டர் சி.பி.வி.சி. குழாய் 30 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும்.

பசை டப்பாவில் குறித்த நேரம் உலரவிட்டு, குழாய் முனை வலைகளைக் கழற்றிவிட்டு வால்வை மெதுவாகத் திறந்தால், உதிர்ந்த துரு வெளியேறிவிடும். ஓரிரவு முழு அழுத்தத்தில் வைத்து, இணைப்புகளை உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்த்த பின்னரே சுவரைப் பூசுங்கள்.