சென்சார் பல்பு பகலில் அணையவில்லையா, இரவில் எரியவில்லையா? காரணத்தைக் கண்டறியும் முறை

இருட்டியதும் தானே எரிந்து விடிந்ததும் தானே அணைய வேண்டிய பல்பு அவ்வாறு செய்யாதபோது, பல்பு கெட்டுவிட்டது என்ற முடிவுக்கே பெரும்பாலோர் வருகின்றனர். ஆனால் இத்தகைய கோளாறுகளில் பலவற்றுக்குக் காரணம் பல்புக்கு வெளியே இருக்கிறது. பல்பில் உள்ள உணரியின் (சென்சாரின்) மீது எந்த நேரத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது, அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தாலே பாதிப் பழுது புலப்பட்டுவிடும். எனவே கழற்றிப் பார்ப்பதும் புதிதாக வாங்குவதும் கடைசி வேலையாக இருக்கட்டும்.

வீடுகளில் இரண்டு அமைப்புகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்றில் உணரி எல்.இ.டி. பல்புக்குள்ளேயே, அதன் குமிழின் உச்சியிலோ கழுத்துப் பகுதியிலோ சிறு புள்ளியாக அமைந்திருக்கும். மற்றொன்றில் போட்டோசெல் எனப்படும் தனிக்கருவி சுவரிலோ விளக்குக் கூட்டிலோ பொருத்தப்பட்டு, சாதாரண பல்புகளுக்குப் போகும் மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் விடும். பழைய போட்டோசெல்களில் உள்ள கேட்மியம் சல்பைடு உணரியின் மின்தடை இருட்டில் பத்து லட்சம் ஓம் அளவுக்கும் மேலே சென்று, நல்ல வெளிச்சத்தில் சில ஆயிரம் ஓம் அளவுக்கும் கீழே இறங்கும். கேட்மியம் நச்சு உலோகம் என்பதால் புதிய கருவிகள் பலவற்றில் சிலிக்கான் உணரிகள் வந்துவிட்டன. இவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களுக்கும் நன்றாக வினைபுரிபவை. ஆகவே அருகில் எரியும் ஒரு பழைய இழை பல்பு (குண்டு பல்பு), அதே அளவு பிரகாசமுள்ள எல்.இ.டி. பல்பைவிட இவற்றை எளிதாக ஏமாற்றிவிடும்.

அளவுகளைப் பற்றியும் ஓரளவு தெரிந்திருப்பது நல்லது. ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். முழுநிலவின் வெளிச்சம் ஏறக்குறைய கால் லக்ஸ்தான். மேகமூட்டமான நண்பகலிலும் வெட்டவெளியில் 1,000 லக்ஸுக்கு மேல் இருக்கும். நேரடி வெயிலில் அது 1,00,000 லக்ஸ் வரை போகும். பல கருவிகள் பத்து, இருபது லக்ஸை ஒட்டிய நிலையில் விளக்கை எரியவிடுகின்றன. எரியவிடும் அளவும் அணைக்கும் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. அணைப்பதற்கு இன்னும் கூடுதலான வெளிச்சம் தேவை. அந்த வெளிச்சமும் சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை நீடிக்க வேண்டும். மின்னலுக்கும் கடந்து செல்லும் வாகன விளக்குக்கும் பல்பு அணைந்துவிடாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. இதை அறியாதவர், டார்ச்சை ஒரு கணம் காட்டிவிட்டுப் பல்பு அணையவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

முதலில் செய்ய வேண்டிய இரு சோதனைகள்

எதைத் தொடுவதற்கு முன்னும் அந்த இணைப்பின் மின்சாரத்தை எம்.சி.பி. (மின்சுற்றைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) பெட்டியிலேயே அணைத்து, பல்பை ஆறவிடுங்கள். சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது. தவறான வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பியில்) இருந்தால், அதை அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும்.

உள்ளேயே உணரியுள்ள பல்புக்கு எந்நேரமும் மின்சாரம் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் யாராவது பழக்கத்தின் காரணமாகக் காலையில் சுவிட்சை அணைத்துவிட்டால், மாலையில் அது எரிய வழியில்லை. இந்தக் காரணம் மிகச் சாதாரணமாகத் தோன்றினாலும் இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவைத்தால் போதும்.

முதல் சோதனை, உணரியை மறைத்துப் பார்ப்பது. கருப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக வைத்து, உணரியின் மேல் மட்டும் ஒட்டி, மின்சாரம் கொடுத்து ஓரிரு நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். விரலால் மூடுவது போதாது, ஏனெனில் சிவப்பொளியும் அகச்சிவப்புக் கதிரும் விரலின் தசையை ஓரளவு ஊடுருவிச் செல்லும். பல்பு முழுவதையும் துணியால் சுற்றுவதும் வேண்டாம், அது சூடேறும். மறைத்ததும் எரிந்து, மறைப்பை எடுத்துப் பகல் வெளிச்சம் பட்டதும் சற்று நேரத்தில் அணைந்தால், பல்பும் உணரியும் நல்ல நிலையில் உள்ளன. கோளாறு பொருத்திய இடத்தில்தான். சோதனை முடிந்ததும் டேப்பை எடுத்துவிட மறக்கக் கூடாது.

இரண்டாவது சோதனை இடம் மாற்றுவது. சந்தேகத்துக்குரிய பல்பை, மூடியில்லாத மேசை விளக்கு ஒன்றில் பொருத்தி ஜன்னலருகே வைத்துப் பாருங்கள். அதன் பழைய ஹோல்டரில் ஒரு சாதாரண பல்பைப் போட்டுப் பாருங்கள். சாதாரண பல்பும் எரியாவிட்டால், உணரியை ஆராய்வதில் பயனில்லை. ஹோல்டரின் தொடர்புமுனை, வயர், சுவிட்ச் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும்.

பகலிலும் எரிந்துகொண்டே இருந்தால்

உணரிக்கு வெளிச்சம் எட்டவில்லை என்பதே பொதுவான காரணம். பால்வெள்ளைக் கண்ணாடி, நிறக் கண்ணாடி, உலோகக் கூண்டு, ஆழமான கூரைக்குழி, மரக்கிளையின் நிழல் ஆகிய எதுவும் இதைச் செய்யும். நமக்கு வெளிச்சமாகத் தெரியும் தாழ்வாரத்தின் மூலை, உணரிக்கு அந்தி நேரமாகவே தெரியலாம், ஏனெனில் நம் கண் இருட்டுக்குத் தகுந்தபடி தன்னைச் சரிசெய்துகொள்கிறது, உணரி அவ்வாறு செய்வதில்லை. உணரியின் மேல் தூசியும் சிலந்திவலையும் படிந்திருந்தால் ஈரத் துணியால் துடைத்து உலரவிடலாம். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டு மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக்கைத் துடைத்துப் பயனில்லை. மழைக்காலப் பகலில் பல்பு அவ்வப்போது எரிவது பழுதாகாது.

இரவிலும் எரியாவிட்டால்

இங்கே கதை தலைகீழ். தெருவிளக்கு, பக்கத்து வீட்டு வாசல் விளக்கு, நம் வீட்டு ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உணரியை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். அறை விளக்குகளை அணைத்ததும் பல்பு எரிந்தால் விடை கிடைத்துவிட்டது. உணரி கழுத்தின் ஒரு பக்கத்தில் இருக்கும் பல்பாக இருந்தால், அந்த வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கமாக ஹோல்டரைத் திருப்பி அமைப்பது எளிய தீர்வு; இல்லையெனில் வெளிச்சம் வரும் திசையில் மட்டும் சிறு தடுப்பு வைக்கலாம்.

எரிந்து அணைந்து எரிந்தால்

மக்களை மிகவும் குழப்புவது இந்தக் கோளாறுதான். ஆனால் எரிந்து அணையும் தாளத்தை ஒரு கால் மணி நேரம் நின்று கவனித்தால் காரணம் தானே வெளிப்பட்டுவிடும்.

சீரான இடைவெளியில் எரிந்து அணைந்தால், பல்பு தன் வெளிச்சத்தையே பார்க்கிறது என்று பொருள். எரிந்தவுடன் அதன் ஒளி விளக்குக் கூட்டின் கண்ணாடியிலோ, வெள்ளைச் சுவரிலோ, தாழ்ந்த கூரையிலோ பட்டுத் திரும்பி உணரியில் விழுகிறது. விடிந்துவிட்டது என்று உணரி பல்பை அணைக்கிறது. அணைந்ததும் இருட்டைக் கண்டு மீண்டும் எரியவிடுகிறது. இப்படி எரிந்து அணையும் ஒவ்வொரு சுற்றும் ஏறத்தாழ ஒரே கால அளவில் நிகழ்வது இதன் அடையாளம். இரவில் உணரியின் மேல் டேப்பை ஒட்டிப் பாருங்கள். விட்டுவிட்டு எரிவது நின்று பல்பு நிலையாக எரிந்தால், ஐயத்துக்கு இடமில்லை. கண்ணாடி மூடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதும், குறைந்த வாட் பல்பைப் போட்டுப் பார்ப்பதும், விளக்கைச் சுவரிலிருந்து தள்ளி அமைப்பதும் பயன் தரலாம். ஆனால் எல்லாப் பக்கமும் ஊடே தெளிவாகத் தெரியாத மங்கல் கண்ணாடியால் மூடிய கூட்டுக்குள் சென்சார் பல்பைப் போடுவது, என் கருத்தில், தொடக்கத்திலேயே தவறான தேர்வு. அத்தகைய கூட்டுக்குச் சாதாரண பல்பும் வெளியே தனிப் போட்டோசெல்லும்தான் பொருத்தம்.

இதே கோளாறு இரட்டை விளக்குகளிலும் வரும். வாசலின் இருபுறமும், அல்லது ஒரே கூட்டுக்குள், இரண்டு சென்சார் பல்புகள் இருந்தால், முதலில் எரிவது மற்றதை எரியவிடாது. சில சமயம் இரண்டும் மாறிமாறி எரியும். ஒன்றையொன்று பார்க்காதபடி திருப்ப முடியாவிட்டால், இரண்டையும் ஒரே போட்டோசெல்லின் கீழ் கொண்டுவருவதே வழி.

இடைவெளி நீண்டிருந்தால், அதாவது அரை மணி நேரம் நன்றாக எரிந்து, பிறகு அணைந்து, ஆறியபின் மீண்டும் எரிந்தால், அது வெப்பத்தால் ஏற்படும் பாதுகாப்பு நிறுத்தமாக இருக்கக்கூடும். காற்றோட்டமில்லாத கூட்டுக்குள் இருக்கும் எல்.இ.டி. பல்பின் உள் மின்சுற்றிலுள்ள மின்பகு மின்தேக்கிகளின் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் உறுப்புகளின்) ஆயுள், வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதும் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். மூடிய விளக்குகளுக்கு ஏற்றது என்று உறையில் குறிப்பிட்ட பல்பை மட்டுமே அங்கே பயன்படுத்துங்கள்.

எந்த ஒழுங்கும் இல்லாமல், காற்றடிக்கும்போதும் கதவை அறையும்போதும் விட்டுவிட்டு எரிந்தால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. மழைக்குப் பின் மட்டும் வந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. இவை இரண்டையும் தள்ளிப்போடக் கூடாது. தளர்ந்த இணைப்பு சூடேறித் தீப்பிடிக்கக் காரணமாகலாம்.

சுவிட்ச், டிம்மர், போட்டோசெல்

சென்சார் பல்பை டிம்மரோடு (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியோடு) இணைக்க வேண்டாம். டிம்மர் மின்சாரத்தின் அலையை வெட்டி அனுப்புவதால் பல்பின் உள் மின்சுற்று தடுமாறி, பல்பு துடிக்கும். டைமர், நகர்வை உணரும் சுவிட்ச் ஆகியவற்றுக்குப் பின்னால் வைத்தாலும், ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் பல்பு முதலிலிருந்து தன் கணக்கைத் தொடங்கும். நகர்வை உணரும் விளக்குகளில் வெளிச்ச அளவுக்கெனத் தனித் திருகு இருக்கும்: நிலவுக் குறியின் பக்கம் திருப்பினால் இருட்டில் மட்டும் வேலை செய்யும், சூரியக் குறியின் பக்கம் திருப்பினால் பகலிலும் எரியும்.

தனிப் போட்டோசெல்லில் ஒரு சிறப்புக் கோளாறு உண்டு. எல்.இ.டி. பல்பு எரியத் தொடங்கும் கணத்தில் அதன் மின்தேக்கி நிரம்புவதற்காக வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாயும். இது நாள்தோறும் நிகழ்ந்து, ரிலேயின் (போட்டோசெல்லுக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சின்) தொடர்புமுனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டால், விளக்கு பகலிலும் அணையாது. கருவியை மெல்லத் தட்டியதும் அணைந்தால் இதுவே காரணம். அன்று சரியானாலும் மீண்டும் ஒட்டும், ஆகவே மாற்றிவிட வேண்டும். இதற்கு மாறாக, பகலில் பல்பு முழுதாக அணையாமல் மங்கலாக மினுக்கினால், இழை பல்புகளுக்கென வடிவமைத்த இருகம்பிப் போட்டோசெல்லின் கசிவு மின்னோட்டமாக இருக்கலாம். நியூட்ரல் இணைப்புள்ள மூன்று கம்பிக் கருவிக்கு மாறினால் அது நீங்கும்.

மாற்றும்போது கருவியின் மின்னழுத்தம் வீட்டு மின்னழுத்தத்தோடு பொருந்துகிறதா, எல்.இ.டி.க்கான வாட் அளவு தனியாகக் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அந்த அளவு இழை பல்புக்கான அளவைவிடப் பல மடங்கு குறைவாக இருப்பது வழக்கம். கம்பிகளின் நிறம் நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், நிறத்தை வைத்து ஊகிக்காமல் கருவியோடு வரும் வரைபடத்தின்படி உள்வரும் ஃபேஸ், விளக்குக்குச் செல்லும் கம்பி, நியூட்ரல் ஆகிய மூன்றையும் இணைக்க வேண்டும். உள்வருவதையும் வெளிச்செல்வதையும் மாற்றிக் கொடுத்தால் புதிய கருவியும் சரியாக வேலை செய்யாது. இதில் சிறிதும் தெளிவில்லையென்றால் மின்பணியாளரை அழைத்துவிடுங்கள். உணரியின் முகம் வானத்தைப் பார்க்கிறதா, அதே விளக்கின் ஒளி அதன்மேல் படாதிருக்கிறதா என்பதை மட்டும் அவர் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.