நீலப் பம்ப்பும் நடுங்கும் கையும்: இழுப்புக்காரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பம்ப் அடிச்சா கை நடுங்குது தம்பி. பழகியும் போயிரும்ங்கிறாங்க. எனக்குக் குளிசையாவே தாங்க."

இலங்கை மலையகத்து ஹட்டனில் மருந்துக் கடையில் நிற்கும் எனக்கு, மழை பிடித்துக்கொண்டால் இந்தப் பேச்சு நாள் தவறாது. கேட்பவர் கொழுந்தெடுக்கும் அம்மாவாக இருப்பார், இல்லையென்றால் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்ந்த தாத்தாவாக இருப்பார். கை நடுங்குவது உண்மைதான். ஆனால் அதற்குப் பயந்து குளிசைக்குப் போவதுதான் நான் பார்ப்பதிலேயே பெரிய தவறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இழுப்பு (ஆஸ்துமா) வந்ததும் வாயில் வைத்து அடிக்கும் நீலப் பம்ப்பில் இருக்கும் மருந்து சல்பியூட்டமோல். ஒரு தரம் அழுத்தினால் 100 மைக்ரோகிராம் வரும். அதே மருந்தின் சின்னக் குளிசையில் இருப்பது 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம். ஒரு குளிசையை விழுங்கினால் பம்ப்பை இருபது தரம் அழுத்திய அளவு மருந்து உடம்புக்குள் போகிறது. அதுவும் நேரே நெஞ்சுக்குப் போவதில்லை. வயிற்றில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றித்தான் சுவாசக் குழாய்க்கு வருகிறது. பம்ப் சில நிமிடங்களில் செய்வதைச் செய்ய இதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். சுவாசக் குழாயைத் தளர்த்தும் மருந்து கைத் தசையையும் இதயத்தையும் தொடுவதால்தான் நடுக்கமும் படபடப்பும் வருகின்றன. எனவே நடுக்கத்துக்குப் பயந்தவர் கேட்டு வாங்கிப் போவது கூடுதல் நடுக்கத்தைத்தான். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சல்பியூட்டமோல் பாணியும் இதே கதைதான்.

பம்ப் அடித்த பிறகு விரல் லேசாக நடுங்குவது, நெஞ்சு வேகமாக அடிப்பது, தலையிடி, பிள்ளை ஒரு இடத்தில் இருக்காமல் துள்ளுவது எல்லாம் வரக்கூடியவை, கொஞ்ச நேரத்தில் தாமாக அடங்குபவை. நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, இதயம் தாளம் தப்பி அடித்தாலோ அது வேறு விசயம், உடனே டாக்டரிடம் போக வேண்டும். அளவுக்கு மீறி அடித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். பிரஷருக்கு நீர் போகும் குளிசை எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூட.

இனி 'பழகிப் போகும்' என்ற பயம். இந்த மருந்துக்குப் போதைப் பழக்கம் கிடையாது. முந்தி இரண்டு தரம் அடித்துச் சரியானது இப்போது ஆறு தரம் அடித்தும் சரியாகவில்லை என்றால், உள்ளே வீக்கம் ஏறுகிறது என்று அர்த்தம். நீலப் பம்ப் இறுகிய குழாயை நாலைந்து மணி நேரம் விரித்துவிடும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தை ஆற்றுவது கிளினிக்கில் தரும் ஸ்டீரொயிட் பம்ப், பல பேர் வீட்டில் மண்ணிறத்தில் இருப்பது. அடித்த உடனே சுகம் தெரியாததால் அது அலுமாரியில் தூங்குகிறது, நீலம் இடுப்பு மடியில் திரிகிறது. ஸ்டீரொயிட் என்ற பேரைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம். அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் குரல் கம்மலும் பெரும்பாலும் வராது.

நீலத்தை மட்டும் நம்பியிருக்கும் வைத்தியத்தைப் பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இனிப் பரிந்துரைப்பதில்லை என்று உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019 இல் சொல்லிவிட்டது. ஒரு பம்ப்பில் வழக்கமாக 200 தரம் அடிக்க மருந்து இருக்கும். வருசத்துக்கு மூன்று பம்ப் முடிந்தாலே கடுமையான இழுப்பு வரும் வாய்ப்புக் கூடுகிறது, பன்னிரண்டு முடிந்தால் உயிருக்கே ஆபத்துக் கூடுகிறது. புதுப் பம்ப் வாங்கும் அன்று அதன் மேல் பேனையால் திகதியை எழுதச் சொல்கிறேன். எழுதுபவர் குறைவு. அதுவும் முடியாதென்றால், கிழமைக்கு இரண்டு தரத்துக்கு மேல் நீலம் தேவைப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். தேவைப்பட்டால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காதீர்கள்.

அடிக்கும் முறையிலும் கோளாறு நிறைய. பம்ப்பைக் குலுக்காமல் அடிப்பது, மூச்சை இழுப்பதற்கு முன்பே அழுத்திவிடுவது, உடனே மூச்சை விட்டுவிடுவது. மருந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், "இந்தப் பம்ப் வேலை செய்யல" என்று பழி பம்ப்பின் மேல் விழும். குலுக்கி, மூச்சை முழுதாக விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும் வரை அடக்கிப் பிடியுங்கள். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் குழாய்) இல்லாமல் இது சரிவராது. ஸ்பேசர் கிடைக்காத அவசரத்தில் 500 மில்லி பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்ப் வாய் இறுக்கமாகப் பொருந்த ஓட்டை போட்டு உபயோகிக்கலாம். தென்னாபிரிக்காவில் பிள்ளைகளுக்குச் செய்து பார்த்து, சரி என்று கண்ட வழி அது.

தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து இருக்கிறதா என்று பார்ப்பதும் சரியான கணக்கைத் தராது. நுவரெலியாவில் விடியற்காலைக் குளிரில் பம்ப் பலவீனமாக அடித்தால், கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், வெடிக்கும்.

பம்ப்புக்குப் பதில் மருந்துத் தூள் அடைத்த கெப்சியூல் பெறுபவர்களும் நம் பக்கம் நிறையப் பேர். அதைத் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு, "ஒரு மாசமா போடுறேன், குறையவே இல்ல" என்று வந்த ஒரு பாட்டியை நான் மறக்க மாட்டேன். அந்தக் கெப்சியூலைக் கருவிக்குள் போட்டு உறிஞ்ச வேண்டும், அதுவும் பம்ப்பைப் போல மெதுவாக அல்ல, வேகமாகவும் ஆழமாகவும். கருவிக்குள் ஊதினால் தூள் நனைந்துவிடும். நம் ஊர் மூடுபனிக்கும் ஈரத்துக்கும் அது கட்டி தட்டும். கெப்சியூலை எடுக்கும் வரை உறையைப் பிரிக்காமல், இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.

வேறு குளிசைகளையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒற்றைத் தலைவலிக்கும் படபடப்புக்கும் தரும் புரொப்ரனொலோல் நீலப் பம்ப்பின் வேலையையே தடுக்கும், இழுப்பையும் கிளப்பும். கூடை சுமந்து முதுகு வலிக்கிறதென்று டைக்குளோபினாக் வாங்கிப் போடும் அக்காமாரில் சிலருக்கு அதுவே இழுப்பைக் கொண்டுவரும். பரசிட்டமோல் பொதுவாகப் பரவாயில்லை. இழுப்புக்கென்று தரும் தியோபிலின் குளிசை எடுப்பவர்கள் கிருமிக்கு மருந்து வாங்கும்போது கடையில் அதைச் சொல்லுங்கள். சிப்ரொபுளொக்சசினோடு சேர்ந்தால் தியோபிலின் இரத்தத்தில் ஏறி வாந்தியும் வலிப்பும் வரலாம். ஒரு வேடிக்கை: அந்தத் தியோபிலினை 1888 இல் அல்பிரெக்ட் கொஸ்ஸல் பிரித்தெடுத்தது தேயிலையிலிருந்து. அதற்காகப் பிளேன்டீ இழுப்புக்கு மருந்தாகிவிடாது, தேத்தண்ணீரில் இருப்பது மிகமிகக் கொஞ்சம்.

கடைசியாக, இராத்திரி இழுப்பு. லயத்துக் காம்பிராவில் விறகுப் புகை நிறைந்திருந்தால் முதலில் ஆளை வெளியே காற்றுக்குக் கொண்டுவாருங்கள். படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வையுங்கள். ஸ்பேசரில் ஒவ்வொன்றாக நான்கு தரம் அடித்து, நான்கு நிமிடம் பாருங்கள். குறையவில்லையென்றால் மறுபடி நான்கு. அப்போதும் குறையவில்லையென்றால், அல்லது தொடக்கத்திலேயே ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, ஆள் சோர்ந்து தூங்குகிறார் என்றால், 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள். லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கவே நேரமாகும் தோட்டமென்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், வழியிலும் பம்ப்பை நிறுத்தாதீர்கள். கிளினிக் கொப்பியைக் கையோடு எடுங்கள். எத்தனை தரம் அடித்தீர்கள் என்பதை எண்ணி வையுங்கள், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள்.