50 மி.மீ. லென்ஸில் ஓரியன்: வான் படம் எடுக்கத் தொடங்குபவருக்கு

வான் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்றுதான். இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்பேன். லென்ஸ் கழற்றி மாட்டும் பழைய கேமரா, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸ் அதிகம் திறக்கும்), டிரைபாட். இவை போதும். கையில் 18-55 கிட் லென்ஸ்தான் இருக்கிறது என்றாலும் தொடங்கலாம். ஆனால் 55இல் அது எஃப் 5.6தான் திறக்கும். 50 மி.மீ.யில் நாம் வைக்கப்போகும் எஃப் 2.8இல் கிடைக்கும் வெளிச்சத்தில் கால் பங்குதான் வரும், அந்தக் குறையைக் கூடுதல் படங்களால் ஈடுகட்ட வேண்டும்.

முதல் இலக்கு ஓரியன் விண்மீன் கூட்டமாக இருக்கட்டும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மாலை வானத்தில் தெரியும், வடகோளம் தென்கோளம் இரண்டிலும். வரிசையாக மூன்று விண்மீன் கொண்ட இடுப்புப் பட்டையைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. பட்டையை ஒட்டித் தொங்கும் வாளின் நடுவில்தான் எம் 42 என்ற நெபுலா (வாயுவும் தூசியும் கலந்த மேகம்) இருக்கிறது. சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவு. இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. கடையில் வாங்கும் கேமராவில் சென்சாருக்கு முன்னால் உள்ள வடிகட்டி, ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பைப் பெருமளவு தடுத்துவிடும். மங்கலான சிவப்பு நெபுலாக்கள் பல அதில் காணாமல் போகும். எம் 42 அதையும் தாண்டித் தெரியும் அளவுக்குப் பிரகாசமானது.

அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். நிலா இருந்தால் வேறு எதைச் சரியாகச் செய்தாலும் பயன் குறைவு.

என் டிரைபாட் எடை குறைந்த ரகம். நடுத்தண்டை உயர்த்தவே மாட்டேன், கால்களின் கடைசிக் கண்ணியையும் நீட்டுவதில்லை. அடியிலுள்ள கொக்கியில் கேமராப் பையை மாட்டி, பை தரையைத் தொடும்படி இறக்கிவிடுவேன். அந்தரத்தில் தொங்கவிட்டால் காற்றில் பை ஊசலாடி, அதுவே டிரைபாடையும் ஆட்டும். லென்ஸில் அதிர்வு தடுக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். ஷட்டரைக் கையால் அமுக்காமல், வரிசையாகத் தானே படமெடுக்கும் இன்டர்வலோமீட்டரிடம் விட்டுவிடுங்கள். பல கேமராக்களில் அது உள்ளேயே இருக்கிறது.

ஃபோகஸில்தான் பொறுமை வேண்டும். மற்ற பிழைகளில் பலவற்றைக் கணினியில் ஓரளவு சமாளிக்கலாம், இதை முடியாது. லென்ஸை மேனுவலுக்கு மாற்றுங்கள். இடுப்புப் பட்டையின் கோட்டை நீட்டினால் ஒருபுறம் ரோகிணி, மறுபுறம் சிரியஸ். சிரியஸை லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மெல்லத் திருப்புங்கள். புள்ளி சிறுத்துக்கொண்டே வந்து மறுபடி பெருக்கத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே மிகச் சிறிதாக இருந்த இடத்துக்குத் திரும்ப வாருங்கள். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம், அதைத் தாண்டியும் வளையம் திரும்பும். சரியான இடம் கிடைத்ததும் டேப் ஒட்டிவிடுங்கள். இரவு குளிரக் குளிர ஃபோகஸ் நகரும் என்பதால் அரை மணிக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பது நல்லது. அப்போதே லென்ஸ் கண்ணாடியில் பனி படிந்திருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

அப்பர்ச்சரை முழுதும் திறக்க ஆசை வரும். எஃப் 1.8இல் ஓரத்து விண்மீன்கள் இறக்கை முளைத்ததுபோல் விரியும். எஃப் 2.8க்குக் குறைத்தால் அடங்கிவிடும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அமைப்பு) 1600, ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப்படம்). நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் (படத்தில் மணல்போல் தெரியும் புள்ளிகள்) நீக்கத்தை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் இரட்டிப்பு நேரம் போகும்.

எவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்து வைப்பது? பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. லென்ஸின் குவியத்தூரத்தால் (இங்கே 50 மி.மீ.) 500ஐ வகுக்கச் சொல்லும் பழைய விதி ஃபிலிம் காலத்துக்குச் சரி, இன்றைய சென்சாரில் விண்மீன்கள் அரிசியாக நீண்டுவிடும். நான் 300ஐ வைத்துக்கொள்கிறேன். முழுச் சட்டக சென்சாரைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 50ஐ 1.5ஆல் பெருக்கினால் 75. 300ஐ 75ஆல் வகுத்தால் 4 விநாடி. ஓரியன் வான நடுக்கோட்டின் மேலேயே இருப்பதால் அங்கே விண்மீன்களின் ஓட்டம் அதிகம், எனவே 3 விநாடியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

3 விநாடிப் படம் ஒன்றைப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அதையே 300 எடுத்தால் 15 நிமிட வெளிச்சம். படங்களை அடுக்கிச் சராசரி எடுக்கும்போது இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறையும். 100 படத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, 300 படத்துக்கு ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கு. விலை உயர்ந்த கேமரா வாங்கி அடையும் மேம்பாட்டைவிட இது பெரிது என்பது என் கணிப்பு. 15 நிமிடத்தில் ஓரியன் 4 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்திருக்கும், 50 மி.மீ.யின் சட்டகம் அகலவாக்கில் 26 டிகிரி. ஆகவே கால் மணிக்கு ஒருமுறை மறுபடி நடுவில் வைத்தால் போதும்.

முடிந்ததும் பையைக் கட்டிவிடாதீர்கள். லென்ஸை மூடி, அதே ஐஎஸ்ஓ, அதே 3 விநாடியில் 30 படம். இவை டார்க், சென்சாரின் சொந்த இரைச்சலைக் கழிக்க. மூடியபடியே, கேமராவின் மிக வேகமான ஷட்டரில் இன்னொரு 30. இவை பயாஸ், சென்சாரின் அடிப்படை அளவைக் கழிக்க. ஃபிளாட்டுக்கு, ஃபோகஸையும் அப்பர்ச்சரையும் தொடாமல், சுருக்கமில்லாத வெள்ளைத் துணியை லென்ஸின் மேல் இழுத்துப் பிடித்து, சீரான வெளிச்சத்தை நோக்கி 30. சட்டகத்தின் மூலை இருட்டையும் சென்சார் தூசியையும் இவைதான் நீக்கும். சோம்பல்பட்டு ஃபிளாட்டைத் தவிர்க்கிறவர்கள்தான் பின்னால் கணினியில் மணிக்கணக்கில் மூலைகளோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

அடுக்குவதற்கு நான் பயன்படுத்துவது சிரில் என்ற மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். (விண்டோஸ் மட்டும் என்றால் டீப்ஸ்கைஸ்டாக்கரும் நன்றாகவே செய்யும்.) லைட்ஸ் (வானப் படங்கள்), டார்க்ஸ், ஃபிளாட்ஸ், பயாசஸ் என்று நான்கு ஃபோல்டர்களில் கோப்புகளைப் பிரித்துப் போட்டு, கலர் கேமராவுக்கான தயார் ஸ்கிரிப்டை ஓட்டினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வெளிவரும் படம் கறுப்பாக இருக்கும். பதற வேண்டாம், தகவல் எல்லாம் ஹிஸ்டோகிராமின் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) இடது ஓரத்தில் நெருங்கிக் கிடக்கிறது. இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கிக் காட்டும் ஆட்டோஸ்ட்ரெச் காட்சியைப் போட்டால் என்ன கிடைத்திருக்கிறது என்று தெரியும். அது திரைக்கு மட்டும்தான், கோப்பு மாறாது. ஓரங்களை வெட்டுங்கள், பின்னணி வெளிச்சத்தின் சாய்வை நீக்குங்கள், பிறகு நிற அளவீடு. ஓரியனின் இரு பிரகாச விண்மீன்களில் திருவாதிரை ஆரஞ்சாகவும் ரைஜெல் நீலம் கலந்த வெள்ளையாகவும் தெரிந்தால் நிறம் சரி.

கோப்பையே வெளிச்சமாக்கும் ஸ்ட்ரெச்சை ஒரே இழுப்பில் செய்யாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். நெபுலாவின் மையம் முதலில் வெளுத்துப் போகும். அதனால் இரண்டு பதிப்புகளை 16 பிட் டிஃப்பாகச் சேமிக்கிறேன், ஒன்று மென்மையாக, ஒன்று அழுத்தமாக. கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, லேயர் மாஸ்க்கில் (ஒரு அடுக்கின் சில பகுதிகளை மறைக்கும் வசதி) மையத்தை மட்டும் மென்மையான பதிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வானத்தைத் தார்போல் கறுப்பாக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. வெளிச்ச அளவு 255இல் 20க்கும் 30க்கும் இடையில் பின்னணியை நிறுத்தினால், நெபுலாவின் மங்கிய விளிம்புகள் தப்பிக்கும்.

ஸ்கிரிப்டை ஓட்டுவதற்கு முன் டிஸ்க்கில் இடம் பாருங்கள். 24 மெகாபிக்சல் படம் 32 பிட்டில் விரியும்போது ஒன்றுக்கு 288 எம்பி, 300 படத்துக்கு ஏறக்குறைய 86 ஜிபி. விண்மீன்களை நேர்ப்படுத்திய பிரதிகள் தனியாக இன்னொரு 86. சின்ன டிஸ்க் என்றால் அமைப்பில் 16 பிட்டுக்கு மாற்றுங்கள், அல்லது முதலில் 60 படத்தோடு ஓட்டிப் பாருங்கள். அடுக்கிய இறுதிக் கோப்பையும் மூல ரா கோப்புகளையும் வைத்துக்கொண்டு, சிரில் இடையில் உருவாக்கும் புராசஸ் ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிடலாம்.