கல்யாணத்தன்று மழை வரும் என்று சிரித்துவிட்டோம்

பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று சொல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. சித்தி மகளுக்கும் அதைத்தான் சொன்னோம். அவள் அப்போது பிளஸ் டூ. அரிசி டின்னைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளுவாள். படிக்கிற அறையிலிருந்து நறநறவென்று சத்தம் வரும். பிறகு ஃப்ரீசர் ஓரத்தில் படியும் பனியை ஸ்பூனால் சுரண்டித் தின்ன ஆரம்பித்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. காய்ச்சலுக்காகக் கூட்டிப்போன இடத்தில் மருத்துவர் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஐஸ், அரிசி ஏதாவது தின்கிறாயாம்மா?" என்று கேட்டார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7, கடுமையான ரத்தசோகை.

உண்ணுதல் கோளாறு என்றதும் கண்ணாடி முன்னால் நின்று தன்னைக் குண்டு என்று நினைக்கும் ஒல்லிப் பெண்தான் மனக்கண்ணில் வருகிறாள். அது ஒரு வகை மட்டுமே. மற்ற வகைகள் நம் வீடுகளுக்குள் வேறு பெயர்களில் உலவுகின்றன: பழக்கதோஷம், அடம், கேஸ் தொல்லை, நாக்கு ருசி. பெயர் வைத்த கையோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. நாம் செய்யும் தவறுகளில் இதைத்தான் பெரிதென்பேன்.

மண், சாம்பல், சாக்பீஸ், சிலேட்டுக் குச்சி, சுவர்ச் சுண்ணாம்பு, பனிக்கட்டி, பச்சை அரிசி மாதிரியானவற்றை ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் தின்பதை மருத்துவம் 'பைகா' என்கிறது. கண்டதையும் கொத்தும் என்று நம்பப்பட்ட ஒரு பறவையின் லத்தீன் பெயர் அது. இரண்டு வயதுக்குள் குழந்தை எதையாவது வாயில் வைப்பது இதில் சேராது. பள்ளி மாணவிகளிடமும் கர்ப்பிணிகளிடமும் இது அதிகம் ஒளிந்திருக்கிறது. கர்ப்பிணி சாம்பல் தின்றால் மசக்கை என்று விட்டுவிடுகிறோம். மாங்காய்க்கு ஏங்குவது மசக்கை. சாம்பலுக்கு ஏங்கினால் ரத்தம் பார்க்க வேண்டும்.

"உடம்பில் இல்லாத சத்தை உடம்பே கேட்டு வாங்குகிறது, தின்னட்டும்" என்பார்கள் சிலர். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் ஐஸில் இரும்பு ஏது? இரும்புச்சத்துக் குறைவுக்கும் ஐஸ் ஆசைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்றாலும், தின்னும் பொருளில் அந்தச் சத்து இருக்க வேண்டியதில்லை. களிமண் வகைகள் சாப்பாட்டில் இருக்கிற இரும்பையும் பற்றிக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்யக்கூடும். இதற்கிடையே சிலேட்டுக் குச்சியைத் தின்பதற்கென்றே இணையத்தில் விற்கிறார்கள், கடிக்கிற சத்தத்தை வீடியோவாகவும் போடுகிறார்கள்.

பூச்சி மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும் என்பது அரை உண்மை. மண் தின்கிற பிள்ளைக்கு வயிற்றில் புழு இருக்கலாம். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய தேசியக் குடற்புழு நீக்க நாள்களில் பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை புழுவைக் கொல்லும். ஆனால் ரத்தசோகையை அது மட்டுமே தீர்க்காது. சுவரைச் சுரண்டும் பிள்ளைக்கு ஈய நஞ்சு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான், பழைய வீட்டுச் சுவர்கள் அதற்கு முன்னே பூசப்பட்டவை. தலைமுடியைத் தின்றால் அது வயிற்றில் பந்தாகச் சுருண்டு, அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும். வயிற்றுவலியோடு வாந்தியும் இருந்து மலமும் போகவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடிப்பதும் கேலி செய்வதும் இதை நிறுத்தாது, ஒளிக்கத்தான் கற்றுத்தரும். மண் தின்ற கண்ணனிடம் யசோதைகூட முதலில் வாயைத் திறந்து காட்டத்தான் சொன்னாள்.

கேஸ் என்று ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களில் சிலருக்கு இருப்பது அசைபோடும் கோளாறு. சாப்பிட்டுச் சிறிது நேரத்துக்குள் உணவு குமட்டலே இல்லாமல் தானாக வாய்க்கு ஏறி வரும். பெரும்பாலும் புளிக்காமல், சாப்பிட்ட ருசியிலேயே இருக்கும். மறுபடி மென்று விழுங்குவார்கள், அல்லது யாருக்கும் தெரியாமல் துப்புவார்கள். வெட்கத்தால் விருந்துக்குப் போவதையே நிறுத்திவிடுவார்கள். வாந்தி என்று மருத்துவரிடம் சொன்னால் சிகிச்சை வேறு பக்கம் போய்விடும், நடப்பதை நடப்பதுபோலவே சொல்ல வேண்டும். சாப்பிட்டதும் வயிறு எழும்பித் தாழும்படி மெதுவாக மூச்சுவிடும் பயிற்சிதான் இதற்கு முதன்மையான சிகிச்சை.

'அடம்' என்று பெயர் வாங்குவது ஆர்ஃபிட் (ARFID), அதாவது உணவைத் தவிர்க்கும் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 2013-இல்தான் இதற்கு இடம் கிடைத்தது. ஒல்லியாக வேண்டும் என்ற எண்ணம் இதில் துளியும் கிடையாது. உணவின் மணமோ கொழகொழப்போ தாங்காது, பசியே தெரியாது, அல்லது ஒருமுறை இட்லி தொண்டையில் சிக்கியதிலிருந்து கெட்டியான எதைப் பார்த்தாலும் பயம். கத்தரிக்காய் வேண்டாம் என்கிற பிள்ளைக்கெல்லாம் இது இல்லை. சாப்பிடுகிற பண்டங்களின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போனாலோ, எடையும் உயரமும் நின்றுபோனாலோ கவலைப்பட வேண்டும். "பட்டினி போடு, பசித்தால் தின்பான்" என்ற வைத்தியம் இந்தப் பிள்ளையிடம் பலிக்காது. மூக்கைப் பிடித்து ஊட்டினால் பயம் இன்னும் கெட்டிப்படும்.

'நாக்கு ருசி' என்று நாம் தள்ளிவிடுவது இரவு உண்ணும் கோளாறாக இருக்கலாம். இரவில் எழுந்து சாப்பிடுவதைப் பற்றி ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற மருத்துவர் 1955-லேயே எழுதியிருக்கிறார். காலையில் பசி இருக்காது. அன்றைய உணவில் கால்பங்கோ அதற்கு மேலோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் உள்ளே போகும். சர்க்கரை நோயாளி இதை மறைத்தால், வெறும்வயிறு என்று எடுக்கும் பரிசோதனை வெறும்வயிற்றுப் பரிசோதனையாகவே இருக்காது. சாப்பிட்டதே காலையில் நினைவில்லை என்றால் அது வேறு கோளாறு. சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகளால் அப்படி நேர்வதுண்டு, மாத்திரைச் சீட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுபடி சித்தி மகளிடம் வருகிறேன். இரும்பு மாத்திரை தொடங்கிய சில நாளிலேயே ஐஸ் ஆசை போய்விடுவதுண்டு, ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே. ஆசை போயிற்று என்று மாத்திரையை நிறுத்தக்கூடாது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடம்பின் இருப்பை நிரப்பச் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும். அந்த இருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம்.

அவளுக்கோ ஒரு மாதம் தவறாமல் மாத்திரை கொடுத்தும் ஆசை போகவில்லை, அளவும் ஏறவில்லை. அலமாரியில் துணிகளுக்கு அடியில் பாதி காலியான சிலேட்டுக் குச்சி டப்பா ஒன்று அகப்பட்டது. சித்தி அதை அப்படியே கொண்டுபோய் மருத்துவரின் மேஜைமேல் வைத்தார். மருத்துவர் டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. "மாத்திரையை எதோடு சாப்பிடுகிறாய்?" என்று மட்டும் கேட்டார்.

காலைக் காப்பியோடு. கையில் டம்ளரையும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தது சித்திதான். காப்பியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.