தனியா இருக்கற ஆயா, தாத்தாவுக்கு ஹெல்ப் பண்றேன்னு நாம பண்ற தப்புங்க

தண்டையார்பேட்டையில எங்க லைன் வீட்ல பக்கத்து போர்ஷன் ஆயா தனியாதான் இருக்காங்க, புள்ள வெளியூர்ல. ஒருநாள் மத்தியானம் ரெண்டு பசங்க பாலிஷ் பவுடர்னு வந்து, மொதல்ல குத்துவிளக்கை ஓசியிலயே தேய்ச்சு பளபளன்னு காட்டி, அப்புறம் கொலுசு, கடைசில ஆயா கழுத்து செயினையே கழட்டிக் குடுத்துட்டாங்க. டிபன் பாக்ஸ்ல மஞ்சத்தண்ணி ஊத்தி மூடி 'அடுப்புல வச்சு பத்து நிமிஷம் கழிச்சு தொறங்க ஆயா'ன்னு சொல்லிட்டு போய்ட்டானுங்க. தொறந்தா வெறும் மஞ்சத்தண்ணி. சில இடத்துல செயின் அப்படியே இருக்கும், ஆனா ஆசிட்ல தங்கம் கரைஞ்சு எடை கொறைஞ்சிருக்கும்.

ஆயா நாலு நாள் யார்கிட்டயும் வாயைத் தொறக்கல, அதுதான் எனக்கு இன்னும் மனசு ஆறல. ஏன்னா முன்னாடி ஒருதடவ எவனையோ உள்ள விட்டுட்டாங்கன்னு 'அறிவில்லையா ஆயா'ன்னு வாசல்ல வச்சு கத்துனதே நாங்கதான். திட்டாதீங்க. அன்னிக்கே சொல்லிருந்தா முனை கடை கேமராவையாவது பாத்திருக்கலாம்.

அடுத்து, தெரியாதவங்க விசாரிச்சா 'அங்க ஆயா மட்டும்தான், காது கேக்காது, சத்தமா கூப்பிடுங்க'ன்னு சொல்றோம் பாருங்க, அது பெரிய தப்பு. என்ன விஷயம்னு கேட்டு கூடவே நடந்து போங்க.

பென்ஷன் எடுத்துத் தரேன்னு ஏடிஎம் பின் நம்பரை வாங்கி வச்சுக்காதீங்க, நீங்க நல்லவங்கதான், ஆனா நம்பரை இன்னொருத்தர்கிட்ட சொல்லலாம்னு பழக்கிவிட்டது நீங்களா ஆயிடும்.

'யாருக்கும் கதவைத் தொறக்காதீங்க'ன்னு பொத்தாம்பொதுவா சொல்லியும் பிரயோஜனம் இல்ல, நம்ம ஏரியாவுல காத்துக்காக நாள்பூரா கதவு தொறந்துதான் கெடக்கும். விவரமா சொல்லுங்க: ஈபி ரீடிங் ரெண்டு மாசத்துக்கு ஒருதடவ, அவங்க கையில காசு குடுக்கவே வேணாம். கேஸ் செக்கிங்னா நம்ம ஏஜென்சிக்கு போன் போட்டு கேட்டுட்டு உள்ள விடுங்க. தண்ணி கேட்டா கிரில் வழியா பாட்டில். அவசரம்னா 112, போன்ல பணம் போச்சுன்னா ஒடனே 1930, முதியோருக்குன்னே 14567 இருக்கு, காலண்டர்லயே பெருசா எழுதி ஒட்டுங்க.

ஆயாவோட பட்டன் போன்ல இப்ப மொத நம்பர் என்னோடது. போன வாரம் அடுப்பு செக் பண்ண ஒருத்தர் வந்தப்ப 'பக்கத்து வூட்டு புள்ள வரட்டும்ப்பா'ன்னு கிரிலுக்கு வெளியவே நிக்க வச்சு மிஸ்டு கால் குடுத்தாங்க. நிஜமாவே ஏஜென்சி ஆளுதான், அஞ்சு நிமிஷம் நின்னார், கோவமே படல.