துண்டு போட்டால் சீட்டு, வீசினால் தோல்வி: இழப்பைச் சொல்லும் ஆங்கிலத் தொடர்கள்

ஈரோடு பஸ் ஸ்டாண்டில் கோபி வண்டி வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டால் அந்த சீட்டு நமக்கு. ஆங்கிலத்தில் துண்டு வீசுவதோ எல்லாவற்றையும் விட்டு விலகுவது. ‘த்ரோ இன் த டவல்’ என்ற தொடரில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் தடுமாறுவது இதனால்தான். இந்த ஒன்றை நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

முதலில், தொடர் எந்தக் களத்திலிருந்து வந்தது என்று பாருங்கள். இது குத்துச்சண்டை. அடி வாங்குகிறவன் தானாக நிறுத்த மாட்டான். ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர்தான் ‘இனி தாங்க மாட்டான்’ என்று துண்டை உள்ளே எறிவார். ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஆக, முட்டி மோதிப் பார்த்து முடியாமல் விடுவதற்குத்தான் இது பொருந்தும். முயற்சியே செய்யாதவருக்குச் சொல்லக் கூடாது.

அடுத்து, அதே கனமுள்ள தமிழ்ச் சொல்லைத் தேடுங்கள். தலைமுழுகு என்பதில் சாவு வீட்டுக் குளியல் இருக்கிறது, உறவே அற்றுப்போகும். கைகழுவு என்பதில் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாடை. இரண்டும் இங்கே ஒட்டாது. ‘முடியலீங்க, விட்டுட்டேன்’ என்கிறோமே, அதுதான் சரி.

அப்புறம் நம் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். மூன்று போர் போட்டும் புகைதான் வந்தது என்றால், ‘ஆஃப்டர் த்ரீ ட்ரை போர்வெல்ஸ், மை அங்கிள் த்ரூ இன் த டவல்.’ காலம் மட்டும் மாறும். ‘இன்’ விட்டுப்போனால் மாமா நிஜமாகவே துண்டை எறிந்ததாகிவிடும்.

மற்றவற்றுக்கும் இதே வழிதான். ‘கிவ் அப் த கோஸ்ட்’ என்பதில் கோஸ்ட் பேயில்லை, உயிர். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலேயே இருக்கிறது. இன்று பெரும்பாலும் இயந்திரத்துக்குச் சொல்கிறார்கள்: காயில் எரிந்து மோட்டார் உயிரை விட்டது என்போமே, அப்படி. இறந்த மனிதரைப் பற்றித் துக்கம் விசாரிக்கும்போது வேண்டாம். ‘லூஸ் யுவர் ஷர்ட்’ என்றால் தொழிலிலோ சூதிலோ போட்ட பணம் முழுக்கப் போவது. திருப்பூர்ப் பிள்ளைகள் சட்டையைத் தேட வேண்டாம்.

‘கட் யுவர் லாஸஸ்’ எனக்குப் பிடித்தது. விலை ஏறும் ஏறும் என்று மஞ்சளைக் குடோனில் வைத்திருந்து, இறங்கிக்கொண்டே போகிறது என்று தெரிந்ததும் வந்த விலைக்குத் தள்ளிவிடுவது. நட்டம்தான், ஆனால் அதோடு நின்றது.

இப்போது நோட்டை எடுங்கள். நீங்கள் பாதியில் விட்ட ஒன்றை எழுதி, இந்த நான்கில் எது ஒட்டுகிறது என்று வைத்துப் பாருங்கள்.